எட்டாம் எண் இல்லாத லயம்

உன் வீட்டுக் கதவுக்கு மேலே நீ எழுதிய 17 மங்கிவிட்டது. ஒன்று தெரிகிறது, ஏழின் கால் மழையில் கரைந்து சுவரோடு போய்விட்டது. மகள் தர்ஷினி கூரியரில் ஏதோ அனுப்பியிருக்கிறாளாம். கொண்டுவருபவர் வீட்டைத் தேடி அலையக் கூடாது என்று உன் மனைவி போனில் சொன்னார். இன்று காலை ருவான்வெல்லையில் பஸ் ஏறி வந்தேன். கட்டிலுக்கு அடியில் இருந்த உன் பெயின்ட் டின்னை இழுத்து, மூடியை ஆணியால் நெம்பியதும் அந்த வாடை வந்தது. பின்னாலேயே நீ வந்தாய்.

ரப்பர் மரங்களை எண்ணி, பால் வெட்டும் துண்டுகளாகப் பிரித்து, மரத்தில் வெள்ளை எண் எழுதுவது உன் வேலை. முப்பது வருடம் செய்தாய். எந்தத் துண்டில் எத்தனை மரம் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாய். நாம் இருவரும் பிறந்த இந்த லயத்தில், தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் இந்த ஒரே வரிசையில், இருபத்து நான்கு வீடுகள். அவற்றில் ஒன்றுக்கும் எண் இருந்ததில்லை. கடிதங்கள் தோட்டத்து ஆபீசுக்கு வரும். அங்கே யாருக்காவது நினைவு வந்தால் கைக்கு வரும். அதனால் முக்கியமான கடிதத்துக்கெல்லாம் பசாரில் உள்ள நானாவின் கடை விலாசத்தைக் கொடுப்பது இங்கே வழக்கம். என் முதல் பத்திரிகை வேலைக்கான கடிதத்தையும் அந்தக் கடையின் அரிசி மூட்டை மேலிருந்துதான் எடுத்தேன்.

தர்ஷினியும் அதையே செய்தாள். பல்கலைக்கழகத்தில் மின்னணுப் பொறியியல் முடித்து, சிறிய செயற்கைக்கோள்கள் கட்டும் வெளிநாட்டு நிறுவனம் ஒன்றுக்கு விண்ணப்பித்தபோது, வசிக்கும் விலாசம் என்ற இடத்தில் நானாவின் கடையை எழுதினாள். மூன்று நேர்முகப் பரீட்சைகள். மூன்றையும் லயத்துக்கு மேலே, சிக்னல் கிடைக்கும் பாறையில் குடை பிடித்து உட்கார்ந்து முடித்தாள். வேலை கிடைத்தது. விண்கலத் தொழில் என்பதால் சேருபவரின் விபரங்களை நேரில் ஆள் அனுப்பிச் சரிபார்ப்போம் என்று எழுதியிருந்தார்கள். அதை நாம் யாரும் பெரிதாக நினைக்கவில்லை.

கொழும்பிலிருந்து ஒருவர் கடைக்கு வந்தார். நானா பொய் சொல்லத் தெரியாதவர். "அந்தப் புள்ள இங்க இல்ல, தோட்டத்திலதான் இருக்கிற" என்றார். வந்தவர் அங்கிருந்தே திரும்பிப் போய், கொடுத்த விலாசத்தில் இவர் வசிக்கவில்லை என்று அறிக்கை எழுதிவிட்டார். பத்து நாளுக்குள் வசிப்பிடத்தை நிரூபிக்காவிட்டால் வேலை இல்லை என்று மின்னஞ்சல் வந்தது. தர்ஷினி அதைப் பாறையிலிருந்து இறங்கி வந்து உன்னிடம் வாசித்துக் காட்டியபோது நானும் இருந்தேன். அவள் அழவில்லை. "நான்தான் பிழையா எழுதிட்டேன்" என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் நீயும் நானும் கிராம சேவகரிடம் போனோம். சிங்களவர், நல்ல மனிதர், ஆனால் படிவத்தில் உள்ள ஒரு கட்டத்தையும் வெறுமையாக விடமாட்டார். "நம்பர் இல்லாத லயத்துக் காம்பராவுக்கு நான் எப்பிடி மாத்தயா சேர்டிபிகட் எழுதுறது?" என்றார்.

லயங்களுக்கு விலாசம் இல்லாததைப் பற்றி அதற்கு முன் நான் நான்கு தடவை எழுதியிருந்தேன். திரும்பி வரும்போது கேட்டேன். "மறுபடி எழுதட்டுமா?"

"எழுது பேப்பர்காரா. நீ எழுதி நம்பர் வர்றப்ப அவ பென்சன் எடுத்துருவா."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை நீ இந்த டின்னோடு லயத்தின் முதல் வீட்டு வாசலில் நின்றாய். உன் வீடு பதினேழாவது. அதற்கு மட்டும் போட்டால் போதாதா என்று கேட்டேன்.

"ஒரு வீட்டுக்கு மட்டும் பதினேழுன்னு போட்டா, மத்த பதினாறு எங்கன்னு கேக்க மாட்டானா?"

"தோட்டத்துத் தொரை கேட்டா?"

"மரத்துக்கு நம்பர் போடச் சொன்னாரு. மனுசனுக்குப் போடாதன்னு இன்னும் சொல்லலயே."

ஏழு வரை தடையில்லாமல் போனது. எட்டாவது வீட்டு அக்கா விளக்குமாற்றோடு வாசலை மறித்தார்.

"எட்டு சனி நம்பரு. எனக்கு வேணாம்."

"எட்டு இல்லாம ஒம்போது எப்பிடிக்கா வரும்?"

"அது ஒன் பாடு. ஒன் மரமெல்லாம் வாய மூடிக்கிட்டு நிக்கும். நான் நிக்க மாட்டேன்."

நீ தூரிகையைத் துடைத்துக்கொண்டு கொஞ்சம் யோசித்தாய். பிறகு 7A என்று எழுதினாய். அக்கா தள்ளி நின்று பார்த்து, "பஸ்சு நம்பரு மாதிரி இருக்கு. பரவால்ல" என்றார். அடுத்த வீட்டுக்கு ஒன்பது போட்டாய். இருபத்து நான்கில் முடித்தபோது மாலையாகிவிட்டது. உன் மனைவி வாசலில் நின்று 17-ஐ விரலால் தொடப் போனார். ஈரம் என்று கையைத் தட்டிவிட்டாய்.

செவ்வாய்க்கிழமை கிராம சேவகர் வந்தார். ஒன்றிலிருந்து விரல் நீட்டி எண்ணிக்கொண்டே நடந்தவர் ஒன்பதில் நின்றார்.

"எட்டு கோ? எட்டு எங்க?"

"அது லீவுங்க" என்றாய்.

அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். உன் வீட்டு மர வாங்கில் உட்கார்ந்தே எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

ஒன்பதாம் நாள் சரிபார்ப்பவர் மீண்டும் வர வேண்டியிருந்தது. காலையிலிருந்து மழை. பாதையில் மண் இறங்கி, வாகனம் ஏறாது என்ற செய்தி வந்தது. நீ கீழே சந்திவரை நடந்து போய், அவரை உன் குடைக்குள் வைத்து அழைத்து வந்தாய். வந்தவர் உடம்பில் ஒரு சொட்டு இல்லை. நீ முழுதாக நனைந்திருந்தாய். அவர் 17-ஐப் படமெடுத்தார். தர்ஷினியைக் கதவருகே நிற்கச் சொல்லி இன்னொன்று எடுத்தார். அடுத்த மாதம் அவள் விமானம் ஏறினாள்.

அவள் போய் ஒரு வருடம் ஆகுமுன் நீ போய்விட்டாய். நெஞ்சு வலி என்றாய். கேகாலை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியில் முடிந்தது. அதற்குப் பிறகு நடந்ததை உனக்கு ஒழுங்காகச் சொல்ல வேண்டும்.

போன மாதம் அவளுடைய முதல் செயற்கைக்கோள் மேலே போனது. பெரிய பிஸ்கட் டின் அளவுதான். அதே ராக்கெட்டில் வேறு நிறுவனங்களின் பெட்டிகளும் போயின. ராக்கெட் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் இறக்கிவிட்டது. மூன்றாம் நாள் தர்ஷினி எனக்குப் போன் எடுத்தாள். குரல் கம்மியிருந்தது.

"மாமா, முப்பத்தாறு பொட்டி ஒரே வரிசையா போகுது, நம்ம லயம் மாதிரி. கீழேருந்து பாத்தா எல்லாம் புள்ளிதான். எது எங்களுதுன்னு தெரியல."

"தெரியாட்டி என்ன?"

"எங்க ஆன்டெனாவ சரியா அதுக்கு நேர பிடிச்சாத்தான் நாங்க பேசுறது அதுக்குக் கேக்கும். சோலார் தகட்ட விரின்னு சொல்லணும். சொல்லாட்டி இன்னும் ரெண்டு நாள்ல பெட்டரி செத்துரும். எங்க இருக்குன்னு தெரியலன்னா, அது இல்லாத மாதிரிதான் மாமா."

மூத்த பொறியியலாளர்கள் இதுவாக இருக்கலாம், அதுவாக இருக்கலாம் என்று ஊகித்து, பொருத்தமாகத் தெரிந்த சிலவற்றையே திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த அறையில் வயதில் குறைந்தவள் இவள். எழுந்து, ஊகிப்பதை விடுவோம், வரிசையில் முதலாவதிலிருந்து ஒன்றையும் விடாமல் பார்ப்போம் என்று சொன்னாளாம். ஒவ்வொரு புள்ளியும் தலைக்கு மேலே எப்போது கடக்கும் என்ற அட்டவணையையும் அவளே போட்டுக் கொடுத்தாள். ஏன் அப்படி என்று கேட்டார்களாம்.

"எங்கப்பா அப்பிடித்தான் லயத்துக்கு நம்பர் போட்டாருன்னு சொல்ல முடியுமா மாமா? நேரம் மிச்சமாகும்னு சொன்னேன்."

அடுத்த நாள் மதியம் மீண்டும் அழைத்தாள். பின்னால் ஆட்கள் கைதட்டும் சத்தம் கேட்டது.

"பேசிருச்சு மாமா. தகடு விரிஞ்சிருச்சு."

செய்தியாளன் புத்தி போகுமா? எத்தனையாவது என்று கேட்டேன். அவள் சிரித்துவிட்டாள்.

"எட்டாவது. நம்ம அக்கா வேணாம்னு சொன்னது."

இன்று காலை உன் 17-ஐ எழுதி முடித்துவிட்டு, லயத்தில் எல்லோரும் கேட்கும்படி இதைச் சொன்னேன். உன் மனைவி ஏற்கெனவே பல தடவை சொல்லியிருப்பார் போலிருக்கிறது. ஆனாலும் பொறுமையாகக் கேட்டார்கள். நான் மூடியை அழுத்தும்போது எட்டாவது வீட்டு அக்கா வந்து பக்கத்தில் நின்றார்.

"தம்பி, அந்த பஸ்சு நம்பர அழிச்சிட்டு எட்டுன்னே போட்டுருங்க."

"சனி நம்பருன்னு சொன்னீங்களே அக்கா?"

"நம்ம புள்ளயோட பொட்டி எட்டுலதானே பேசுச்சு? போடுங்க."

உன் எழுத்தை அழிக்க எனக்குக் கை வரவில்லை. 7A-க்குக் கீழே எட்டு எழுதினேன். மேல் வட்டம் பெரிதாகவும் கீழ் வட்டம் சிறிதாகவும் விழுந்துவிட்டது. "அவரு எழுதுன மாதிரி இல்ல" என்று அக்கா சொன்னார், உண்மைதான். நாற்பது வருடமாக இந்தப் பக்கத்தைப் பற்றி எழுதி வருகிறேன். அதில் நாளை காலை ஒருவர் வாசித்து, சரியான கதவைத் தட்ட உதவப் போவது இந்த எட்டும் உன் பதினேழும்தான். தூரிகையைக் கழுவிப் பையில் போட்டுக்கொண்டேன், உன் மனைவியிடம் சொல்லிவிட்டுத்தான். அடுத்த லயத்திலும் இருபது வீடு இருக்கிறது. ஒன்றிலிருந்து ஆரம்பிக்கப் போகிறேன்.