தலையணைக்கு அடியில் விசில்

ஞாயிறு, இரவு.

இன்று மகளோடு உட்கார்ந்து என் வீட்டுக்காரரும் கார்ட்டூன் படம் பார்த்தார். அதில், கெட்டவர்களோடு சண்டை போடுவதை விட்டுவிட்டு வீட்டில் கிடந்த முகமூடிக்காரன் ஒருவன், தலை நரைத்த பிறகு மறுபடி கிளம்புகிறான்.

"வயசாயிடுச்சே, இன்னாத்துக்குப்பா திரும்ப வர்றாரு?" என்று மகள் கேட்டாள்.

"வேற யாரும் வரலியே பாப்பா."

அதைக் கேட்டதும் நான் சாப்பாட்டைப் பாதியில் மூடி வைத்தேன். கம்பெனிக் கழிவை ஏரிக்கால்வாயில் திறந்துவிடும் டேங்கர் லாரிகளை, முன்பு விசிலடித்து ஊரைக் கூட்டி மறித்தவர் இவர். லாரிக்காரர்கள் இவர் முழங்காலை உடைத்துப் போட்ட பிறகு விசில் பரணுக்குப் போனது. அன்று இவரோடு ஓடி வந்தவர்களில் பாதிப்பேர் இப்போது அதே கம்பெனிகளில் ஷிப்டு பார்க்கிறார்கள். இனி ஊதினால் யார் வருவார்கள்?

படம் முடிந்ததும் அந்தக் காலோடு பரணில் ஏறினார். விசிலை எடுத்துச் சோப்புப் போட்டுக் கழுவினார்.

"இன்னாத்துக்கு இப்போ?" என்றேன்.

"சும்மாதான். பேஜாரு பண்ணாத."

கழுவியதைக் கொடியில் மாட்டிவிட்டுப் படுத்தார். அவர் தூங்கியதும் அதை எடுத்து என் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

ஏரிப் பக்கம் ஏதோ லாரி ரிவர்ஸ் எடுக்கிறது. காற்றில் அந்த நாற்றம்.

இவருடைய குறட்டை நின்றுவிட்டது.