மூன்றாவதாகப் போனவள்

அன்புள்ள சின்னவளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம், உன் நலத்தைப் பற்றி நீ போனில் சொன்னதில் பாதியை மட்டும் நம்பியிருக்கிறேன். உலகத்திலேயே அதிகக் குளிரில் நீ வேலை செய்வதாக யாரோ சொன்னார்களாம், அத்தை உனக்கு இரண்டு ஸ்வெட்டர் பின்னி வைத்திருக்கிறாள். குளிரெல்லாம் அணுக்களை அடைத்து வைத்த கண்ணாடிக் கூட்டுக்குள் கடுகளவு இடத்தில்தான், அறையில் அவள் ஃபேன் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் என்றேன். கடுகளவு குளிருக்கா இத்தனை படிப்பு என்கிறாள்.

அப்பாவைக் கேட்காமல் அண்ணன் முன்னறைக்குப் பச்சைப் பெயிண்ட் அடித்ததிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை. எதிரெதிரே வருவார்கள், முட்டுகிற மாதிரி வந்து விலகிப் போவார்கள். உன் அணுக்களைத்தான் நினைத்துக்கொண்டேன். இரண்டு மட்டும் மோதினால் ஒட்டாது, மூன்றாவது ஒன்று வந்தால்தான் இரண்டு ஒட்டும், வந்தது வேகத்தை வாங்கிக்கொண்டு தெறித்துப் போகும் என்பாயே. நேற்று உன் சேதியோடு நான் நடுவில் போனேன். சோதனையில் வந்த எண்ணும் உன் கணக்கும் ஒத்துவரவில்லை, பேராசிரியர் இதை விட்டுவிட்டு வேறு ஆராய்ச்சி எடுத்துக்கொள் என்கிறார், பேசாமல் வீட்டுக்கே வந்துவிடுகிறேன் என்று நீ அழுதாய், அவ்வளவுதான் சொன்னேன். அப்பாவும் அண்ணனும் ஒட்டிக்கொண்டார்கள். "வரச் சொல்லு அவள, கண்ணுக்குத் தெரியாததக் கட்டிக்கிட்டு அழுதது போதும்" என்று அப்பா சொல்ல, "அதானே" என்று அண்ணன் ஒத்து ஊதினான். நான் வேண்டாம் என்றதும், "எல்லாம் நீ குடுக்கற செல்லம்" என்று இருவரும் சேர்ந்து என்னை அறையை விட்டே விரட்டிவிட்டார்கள். இப்போது பச்சைச் சுவரோரம் ஒன்றாக உட்கார்ந்து டீ குடிக்கிறார்கள், டீ போட்டவள் நான்.

கணக்கு ஒத்துவரவில்லை என்றால் ஒன்று அது தப்பு, இல்லை இது தப்பு. எது என்று பார்க்காமல் எழுந்து வருவது என்னடி வழக்கம்? எனக்குப் பயமில்லை என்று சொல்லமாட்டேன், நீ அங்கே தனியாக அழுவதை நினைத்தால் சோறு இறங்கவில்லை. வந்துவிடு என்று நாக்கு நுனி வரை வருகிறது, கடித்துக்கொள்கிறேன். முடித்துத் தோற்று வா, தலையில் வைத்துக் கொண்டாடுகிறேன். முடிக்காமல் வந்தால் கதவு திறக்காது. பேராசிரியரிடம் இன்னொரு முறை அளந்து பார்க்கட்டுமா என்று தைரியமாகக் கேள், வேண்டாம் என்றால் மறுநாளும் போய்க் கேள். வயிற்றை மட்டும் காயப்போடாதே.

நினைத்தது கைகூடி நீ நன்றாக இருக்க வேண்டும். ஸ்வெட்டர் வந்ததும் போட்டுக்கொண்டு அத்தைக்குப் போட்டோ அனுப்ப மறக்காதே, வேர்த்தாலும் பரவாயில்லை. தெறித்து வந்த வேகம் அத்தனையையும் இந்தக் கடிதத்தில் வைத்து அனுப்புகிறேன், வாங்கிக்கொள்.

இப்படிக்கு,
உன் மூன்றாவது அணு,
அம்மா