இரண்டாவது கெட்டிமேளம்

என் காதுகளை எனக்குத் தந்த அப்பாவுக்கு,

நலமா என்று கேட்கப்போவதில்லை, போய்ச் சேர்ந்தவரிடம் அதைக் கேட்டு என்ன? எனக்கு ஒரு சந்தேகம், அதற்குத்தான் எழுதுகிறேன். "சரியான சந்தேகப் பிராணிடி நீ" என்று திட்டுவீர்களே, அந்தப் பிராணி இன்னும் அப்படியேதான் இருக்கிறது.

முதலில் என் சேதி. "பொட்டப்புள்ளைக்கு எதுக்குடி இது" என்று தவிலைத் தொடவிடாமல் விரட்டினீர்கள். நான் சென்னைக்குப் போய் ராக் இசைக்குழுவில் டிரம்ஸ் வாசிக்கிறேன். ரெண்டு கை, ரெண்டு காலுக்கும் ஓயாத வேலை. சத்தம் உச்சத்துக்குப் போகும்போது சட்டென்று நிறுத்திவிடுவேன். ஒரே நொடி. பிறகு மறுபடி இடி. கிட்டார் வாசிக்கும் ராஜன் விடாமல் கிண்டலடிப்பான்: "அக்கா, கரண்ட் போயிருச்சா?" அந்த நிறுத்தத்துக்காகவே வருகிறவர்கள் இருக்கிறார்கள், தெரியுமா?

அது என் சொந்தச் சரக்கில்லை. உங்களிடம் திருடியது. எந்தக் கல்யாணமானாலும் ஐயர் விரலை ஆட்டி "கெட்டிமேளம், கெட்டிமேளம்" என்றதும் வெளுத்து வாங்குவீர்கள். நடுவில் ஒரு நொடி கை அந்தரத்தில் நிற்கும். நாகஸ்வரக்காரர் முறைப்பார். தாலி ஏறும் நேரத்தில் அழுகையோ தும்மலோ யார் காதிலும் விழக்கூடாது என்றுதானே கெட்டிமேளம்? அதில் போய் ஓட்டை போடலாமா? "அப்பாவுக்குக் கையில நரம்புக் கோளாறுடி" என்று அம்மா மழுப்புவாள். நான் அப்போதே நம்பவில்லை. நரம்புக் கோளாறு முகூர்த்தம் பார்த்தா வரும்?

போன மாதம் திருவாரூரில் கச்சேரி. முடிந்ததும் என்னைவிட மூத்த ஒரு பெண்மணி மேடைக்குப் பின்னால் வந்தார். "மன்னார்குடிப் பக்கத்துத் தவில்காரர் மவதானே நீங்க? நிறுத்துனீங்க பாருங்க, அப்பவே தெரிஞ்சுபோச்சு" என்றார். பெயர் செல்லம். குத்தகை நிலத்தை விட்டு வெளியேற மாட்டேன் என்று நின்றாரே கோவிந்தன், அவருடைய மகள்.

அந்த நிலத்துப் பண்ணையார் வீட்டுக் கல்யாணம் நினைவிருக்கிறதா அப்பா? மறந்திருக்க மாட்டீர்கள். ஆட்சி மாறியதும் அவரும் கதரைக் கழற்றிவிட்டுக் கரைவேட்டி கட்டிக்கொண்டார். வேட்டி மாறியதே தவிர, நிலத்தில் இன்னொருவர் பேர் ஏற அவர் விடுவாரா? குத்தகைக்காரர்கள் தங்கள் பேரைப் பதிந்துகொள்ளச் சட்டம் வந்திருந்தது. கோவிந்தன் துணிந்து தாலுகா ஆபீசில் மனுக் கொடுத்துவிட்டார். கல்யாணத்தன்று வேலை இருக்கிறது என்று அவரைக் கூப்பிட்டனுப்பி, கொல்லையில் மாட்டுக்கொட்டகையில் கட்டிவைத்து அடித்தார்கள்.

செல்லம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"தாலி ஒருதடவதான் கட்டுவாங்க. அன்னிக்கு கெட்டிமேளம் ரெண்டு தடவ கேட்டுச்சுங்க. ரெண்டாவது, பந்தி நேரத்துல. அது எங்கப்பாருக்கு. அவரு கத்துறது வெளிய கேக்கக்கூடாதுல்ல? ஆனா நடுவுல மேளம் நின்னுச்சு. ஒரே நொடிதான். எச்சி இலை எடுத்துக்கிட்டிருந்த எங்கம்மா காதுல அந்தக் கத்தல் விழுந்துருச்சு. கூப்பாடு போட்டு எங்க தெருவையே கூட்டிட்டா. இல்லேன்னா அன்னிக்கே அவரு போய்ச் சேந்திருப்பாரு. அதுக்கப்புறம் உங்கப்பாவ அந்த வீட்டு வாசப்படி ஏத்தல."

அழுதுவிட்டேன் அப்பா. செல்லத்தின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். வேனில் ஏறி உட்கார்ந்ததும் சந்தேகமும் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது.

தாலி கட்டி முடிந்த வீட்டில் மறுபடி கெட்டிமேளம் கேட்டார்களே, எதுக்குங்க என்று ஒரு வார்த்தை கேட்டீர்களா? தெரிந்தே தொடங்கினீர்களா? நின்றது உங்கள் மனசா, வெறும் கையா? நீங்கள் நிறுத்துகிறவரை கோவிந்தனுக்கு விழுந்த அடியெல்லாம் உங்கள் தாளத்துக்குள்தானே மறைந்தது? அதற்குப் பிறகு ஒவ்வொரு கல்யாணத்திலும் அந்த ஒரு நொடி நின்றீர்களே, கொல்லையில் யாராவது கத்துகிறார்களா என்று கேட்கத்தானா? அப்படித்தான் என்று நம்ப ஆசையாக இருக்கிறது. ஆசையாக இருப்பதால்தான் நம்பப் பயமாகவும் இருக்கிறது. என்னிடம் ஒருதடவை சொல்லியிருக்கலாமே, ஏன் சொல்லவில்லை? அந்தக் கோபம் எனக்கு ஆறவில்லை.

தை கடைசியில் செல்லத்தின் மகளுக்குக் கல்யாணம். அறுப்பு முடிந்த அதே வயலில்தான் பந்தல். நிலம் இப்போது அவர்கள் பேரில் இருக்கிறது. "கெட்டிமேளம் நீங்கதான் கொட்டணும். அந்த ஒரு நொடியும் வேணும், விட்டுறாதீங்க" என்று சொல்லியிருக்கிறார். டிரம்ஸோடு போகிறேன். தாலி கட்டும் நேரத்தில் டிரம்ஸா என்று ஊர் வாயைப் பிளக்கட்டும்.

வெளுத்து வாங்குவேன். நடுவில் நிறுத்துவேன். அந்த நொடியில் பந்தலுக்குப் பின்னால், கொல்லைப் பக்கம் காதைத் திருப்புவேன். எந்தக் குரலும் வரவில்லை என்றால்தான் அடுத்த அடி. உங்களை மன்னிப்பதா வேண்டாமா என்று அதற்கப்புறம் பார்த்துக்கொள்ளலாம். இது மட்டும் சத்தியம் அப்பா: யார் விரலை ஆட்டினாலும், எதுக்குங்க என்று கேட்காமல் நான் கொட்ட மாட்டேன்.

சந்தேகம் தீராமலே உங்களைத் தேடும்
உங்கள் மகள்,
வளர்மதி