அப்பாவை மாற்றிக்கொள்ளும் இடம்

ஏப்ரல் 2, புதன்

அப்பா இன்றைக்கும் சோற்றில் பாதியை வைத்துவிட்டார். பசியில்லையாம். ஆபீஸ் முடிந்து வந்து, அவருக்குப் பெம்பர்ஸ் மாற்றி, சமைத்து எடுத்து வைக்கிற எனக்கும்தான் பசியில்லை. யார் கேட்கிறார்கள்?

இன்னும் நான்கு நாள். ஞாயிறன்று அவரைத் தம்பி கோகுலனிடம் ஒப்படைத்துவிட்டால் ஒரு மாதம் அவன் பாடு. 22ஆம் தேதி எனக்கு ஆபரேஷன். கர்ப்பப்பையில் கட்டி. எட்டு மாதம் காத்திருந்து அரசாங்க ஆஸ்பத்திரியில் கிடைத்த தேதி. யாரிடமும் சொல்லவில்லை. கல்யாணம் ஆகாதவள் வயிற்றைப் பற்றி ஊர் பேச ஆரம்பித்தால் நிறுத்தாது.

ஏப்ரல் 4, வெள்ளி

மழை. இடுப்பு வலி. வேறொன்றுமில்லை.

ஏப்ரல் 6, ஞாயிறு

எங்கிருந்து எழுத?

கடல் பாலம் தாண்டி, பிறை ஊர்ப் பக்கம் ஆற்றோரத்தில் இருக்கிற சதுப்புக்காடுதான் நாங்கள் அப்பாவை மாற்றிக்கொள்ளும் இடம். கோகுலன் கண்டுபிடித்தது. டத்தோ கிராமாட்டிலிருக்கும் என் வீட்டுக்கு அவர்கள் வருவதில்லை. ஜுருவில் அவர்கள் வீட்டுக்கு நான் போவதில்லை. காரணம் என் வாய்தான். அம்மாவின் பதினாறாம் நாளில், அத்தனை பேர் முன்னால், தம்பி பெண்டாட்டி ரூபினியைப் பார்த்து, “எங்கம்மாவுக்கு ஒரு நாளாவது தலைக்குத் தண்ணி ஊத்தியிருப்பியா நீ” என்று கேட்டேன். இனி இந்த வீட்டுப் படி மிதிக்க மாட்டேன் என்று போனவள்தான். இரண்டு வருஷம். அதிலிருந்து மாதத்தின் முதல் ஞாயிறு, இந்தக் காட்டில், கொக்கு பார்க்க வந்தவர்கள் மாதிரி நின்று அப்பாவைக் கைமாற்றுகிறோம்.

இன்று கொட்டுகிற மழை. பலகைப் பாதை முழுக்க வழுக்கல். அப்பாவைப் பிடித்துப் பிடித்து பறவை பார்க்கும் பொண்டோக்கில், அந்தக் கூரைக் கொட்டகையில், கொண்டுபோய் உட்கார வைத்தேன். அவர் பாட்டுக்குச் சேற்றில் ஊர்ந்த உடும்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். அரை மணி நேரம் கழித்துக் குடையோடு வந்தது ரூபினி. தனியாக.

“அவரு வரலக்கா.”

இரண்டு வருஷத்தில் அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு.

“ஏன், என்னவாம்?”

“தீபாவளியோட போயிட்டாரு. ஜொகூர்ல இருக்காரு. வேற ஒருத்தியோட.”

“போன மாசம் இங்க வந்தானே?”

“மாசத்துல ஒரு நாள் வருவாரு லா. உங்களுக்குக் காட்டணும்ல. ஒரு மாசம் மாமாவ இங்கேர்ந்து ஏத்திட்டுப் போய் எங்க வீட்டு வாசல்ல எறக்குவாரு, அடுத்த மாசம் திருப்பிக் கொண்டாந்து விடுவாரு, அப்படியே கெளம்பிடுவாரு. இந்த வாட்டி அதுக்கும் வரல.”

“அப்போ அப்பாவ யாரு குளிப்பாட்டுறது?”

“யாரு? நான்தான்.”

மழை நிற்கிற பாடாக இல்லை. மூன்று பேரும் ஒரே பெஞ்சில், என்னமோ குடும்பத்தோடு சுற்றிப்பார்க்க வந்த மாதிரி.

கடைசியில் அவளே சொன்னாள்: “இந்த மாசம் மட்டும் நீங்க வச்சுக்குங்கக்கா. பேக்டரியில ஷிப்ட் மாத்திட்டாங்க. என்னால முடியல.”

22ஆம் தேதி வாய்வரை வந்தது. என் தம்பி நட்டாற்றில் விட்ட இவளிடம் எந்த முகத்தோடு கேட்பது? “சரி” என்றேன். அப்பாவின் பையைத் திரும்ப என் காரிலேயே வைத்தேன்.

பாலம் ஏறியதும் அப்பா, “என்னைய ஏன் ரூபினியோட அனுப்பல?” என்றார். என்னிடம் இருக்க அவ்வளவு கசக்கிறதா? நன்றாக இருக்கிறது, அப்பா. ரொம்ப நன்றாக இருக்கிறது.

ஏப்ரல் 9, புதன்

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே இருக்கிறார். நானும்தான்.

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரைப் புத்தாண்டு. பாயாசம் வைத்தேன். “ரூபினிக்குப் போன் போட்டியா?” என்று கேட்டார். போடவில்லை. வலி தாங்காமல் மத்தியானம் படுத்துவிட்டேன்.

ஏப்ரல் 16, புதன்

ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து தேதியைத் தள்ளிப் போட முடியுமா என்று கேட்டேன். முடியுமாம், நவம்பருக்கு. போனை வைத்துவிட்டுக் குளியலறையில் உட்கார்ந்து அழுதேன். எனக்கு நாற்பத்தெட்டு வயது. இந்த வலியோடு நவம்பர் வரைக்கும் என்னால் இழுக்க முடியாது. முடியாதுடி மோகனா, ஒத்துக்கொள்.

ரூபினியை அழைத்தேன். சொன்னேன்.

“அன்னிக்கே சொல்லியிருக்கலாம்லக்கா?”

“எப்படிச் சொல்றது? நான் உன்னை அப்படிக் கேட்டவ. தப்புதான் ரூபினி.”

காலண்டரைப் புரட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு, “சனிக்கெழம வரேன். லீவு போட்டுக்கறேன்” என்றாள்.

ஏப்ரல் 19, சனி

வந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு நொடி நின்றாள். நான் கதவை அகலத் திறந்தேன், உள்ளே வந்தாள். அப்பா இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டார். எனக்குப் பொறாமையாக இருந்தது.

ஏப்ரல் 27, ஞாயிறு

வீட்டுக்கு வந்துவிட்டேன். கட்டி போய்விட்டது. தும்மினால் உயிர் போகிறது. ரூபினி ரசம் வைத்திருக்கிறாள், காரம் அதிகம். குடித்தேன்.

மே 4, ஞாயிறு

முதல் ஞாயிறு. யாரும் எங்கும் போகவில்லை. சாப்பிடும்போது ரூபினிதான் அப்பாவிடம் கேட்டாள்: “மாமா, அவரு போனத அக்காகிட்ட ஏன் நீங்க சொல்லவே இல்ல?”

அப்பா மீன் முள்ளை எடுத்துக்கொண்டே சொன்னார்: “சொன்னா இவ என்னைய உங்கிட்ட விடுவாளா? நீ ஒண்டியா கெடக்குற. இவளும் ஒண்டி. அங்க ஒரு மாசம், இங்க ஒரு மாசம்னு ரெண்டு பேரையும் நான்தானே பாத்துக்கிறேன்.”

நாங்கள் இரண்டு பேரும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டோம். பெம்பர்ஸ் மாற்றுகிறவள் நான், குளிப்பாட்டுகிறவள் அவள். இவர் எங்களைப் பார்த்துக்கொள்கிறாராம். சிரிப்பு வந்தது, தையல் இழுத்தது, சிரிக்க முடியவில்லை. அப்புறம் அழுகைதான் வந்தது.

அவர் நிமிர்ந்தே பார்க்கவில்லை. “எனக்கும் வயசாவுதில்ல. மாசாமாசம் அலைய முடியல. ரெண்டு பேரும் ஒரே வீட்ல இருந்தீங்கன்னா எனக்குக் கொஞ்சம் லேசா இருக்கும்.”

ரூபினிக்கு நாளையோடு லீவு முடிகிறது. செவ்வாய்க்கிழமை வேலைக்கு இங்கிருந்தே போகிறாளாம். பாலத்தில் ஜாம் ஆகும், ஐந்தரைக்கே எழுப்பிவிடச் சொல்லியிருக்கிறாள்.