கப்பல்துறை பஸ்

செவ்வாய், இரவு

கப்பல்துறையிலிருந்து ஆஸ்பத்திரிக்கு இன்று காலை முதல் பஸ் ஓடும் என்று நேற்று என் முகநூலில் போட்டனான். டிப்போக்காரர் போனில் "ஓம், விடுவம்" என்றார். எனக்கு அது காணும், வேறொன்றும் கேட்கவில்லை. மற்றக் கட்சிக்காரர் தாங்கள் எடுத்துத் தந்ததாகப் போட முதல் நான் போட வேணுமே. பஸ் வெளிக்கிட முதலே செய்தி வெளிக்கிட்டுவிட்டது.

காலையில் தம்பலகாமத்துப் பரிசளிப்பு விழாவுக்குப் போகும் வழியில், கப்பல்துறையில் நாலைந்து பேர் றோட்டோரம் நின்றார்கள். வாகனத்தை நிறுத்தச் சொன்னேன். காலில் கட்டுப் போட்டிருந்த ஒரு அம்மா சிரித்தார்.

"எம்பி நீங்களே போட்டிருக்கிறியள் எண்டு மகள் போனில காட்டினவள். அதுதான் வந்தனான், பிள்ளை. பஸ்ஸை இன்னும் காணேல்லை."

டிப்போவுக்குப் போன் எடுத்தேன். சாரதி இல்லையாம், பிறகு பார்ப்பமாம். அந்த முகத்துக்கு நேரே அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எல்லாரையும் ஏற்றிக்கொண்டு வாகனத்தை டவுனுக்குத் திருப்பச் சொன்னேன். விழாவில் என் கதிரை வெறுமையாய்க் கிடந்ததாம். கிடக்கட்டும்.

வழி முழுக்க ஒருவரும் என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் மனம் ஆறியிருக்கும்.

ஆஸ்பத்திரி வாசலில் அந்த அம்மா என் கையைப் பிடித்து இறங்கினார்.

"நாளைக்கும் மருந்து கட்ட வேணும், பிள்ளை. பஸ் இதே நேரத்துக்கு வருமோ?"

"ஓம், வரும்" என்றேன். டிப்போக்காரர் சொன்ன அதே ஓம்.

விடிய வெள்ளன எழும்ப வேணும். என் டிரைவருக்கு இன்னும் சொல்லவில்லை.