யாருக்கும் சொந்தமில்லாத நிறம்

3 ஜூன் 2025, செவ்வாய்

பைபாஸ் ஓரம் எழும்பிக்கொண்டிருக்கும் எங்கள் பன்னிரண்டு மாடிக் கட்டடத்துக்குக் கண்ணாடி மாதிரித் துண்டுகள் வந்துவிட்டன. முகப்பில் பச்சை, நீலம், சாம்பல் என்று மூன்று துண்டுகளை மாட்டிவைத்திருக்கிறான் இன்ஜினியர் ஜெனோ. கண்ணாடிக்கு நடுவில் ஓடும் தகட்டுக்கும் நிறம் சொல்ல வேண்டுமாம். வீடு வாங்கியவர்கள் கூடிப் பேசி முடிவு செய்யுங்கள் என்கிறான். வளர்ந்ததும் படித்ததும் வெளியூரில். பாவம், இந்த ஊரைத் தெரியாது.

சிவப்பும் மஞ்சளும் போடலாமா என்றான். வேண்டாம் என்றேன். சிவப்பும் பச்சையும்? வேண்டவே வேண்டாம். நீலமும் சிவப்பும்? வாயை மூடு என்றேன். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் பையன்களின் மணிக்கட்டுச் சாதிக் கயிற்றைக் கத்தரித்தவள் நான். எந்த நிறம் எந்த ஆட்கள் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். இந்த ஊரில் சும்மா கிடக்கிற நிறம் ஏது?

மும்தாஜ் பச்சையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏட்டி கெசியா, பச்சைதான் கண்ணுக்குக் குளுமை. நம்ம பக்கம் மேக்கு வெயில்லா" என்றாள். ஒரே பள்ளிக்கூடத்தில் அவள் கணக்கு, நான் தமிழ். என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்துவிட்டார். அவளுக்கும் துணை இல்லை. மகன் இர்ஷாத் துபாயில். கடைசிக் காலத்தில் ஒருத்திக்கு ஒருத்தி என்றுதான் ஏழாவது மாடியில் பக்கத்துப் பக்கத்து வீடாக வாங்கினோம்.

சரி, குளுமைதான். ஆனாலும் ஏன் பச்சை?

5 ஜூன்

மும்தாஜ் வீட்டுக்குப் போனேன். போனில் பேசிக்கொண்டிருந்தவள் என்னைக் கண்டதும், "பொறவு பேசுதேன் ஜெனோ" என்று வைத்துவிட்டாள். அவனிடம் என்ன பேச்சு என்றேன். "சும்மாதான்" என்றாள்.

சும்மாவா?

7 ஜூன், சனி

பக்ரீத். தூக்குச்சட்டி நிறையப் பிரியாணி கொண்டுவந்தாள். சந்தேகப்பட்டுக்கொண்டே சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது.

8 ஜூன், ஞாயிறு

ஆராதனை முடிந்து வரும்போது அப்பாத்துரை அண்ணாச்சி கோயில் வாசலில் பிடித்துக்கொண்டார். எங்கள் சபைக்காரர், அதே கட்டடத்தில் மூன்றாவது மாடி வாங்கியிருக்கிறார். "கண்ணாடி விஷயம் என்ன ஆச்சு டீச்சர்?" என்றார்.

"மும்தாஜும் இன்ஜினியரும் பேசி முடிச்சாச்சு போலிருக்கு அண்ணாச்சி" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். பொய்யில்லையே. போனில் பேசியதைக் கண்ணால் பார்த்தேனே. அவர் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

சொல்லியிருக்கக் கூடாதோ?

11 ஜூன்

கட்டடத்துக்குப் போனேன். ஏழாவது மாடியில் மும்தாஜும் ஜெனோவும் நின்று கையை நீட்டி நீட்டிப் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் மேலே போகவில்லை. என்னை விட்டுவிட்டு என்ன பேச்சு? இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குகிற கதைதானா?

சே. மும்தாஜைப் பற்றியா இப்படி எழுதுகிறேன். ஆனால் எழுதியதை அடிக்க மனம் வரவில்லை. கிடக்கட்டும்.

15 ஜூன், ஞாயிறு

கட்டடத்தின் கீழ்த்தளத்தில் கூட்டம். முப்பது பேர் இருக்கும். ஜெனோ பேசி முடிப்பதற்குள் அப்பாத்துரை அண்ணாச்சி எழுந்துவிட்டார்.

"பச்சையப் போட்டா இது அவங்க கட்டடம்னுல்லா ஊரு சொல்லும்? நாம எதுக்குக் கூடியிருக்கோம்? அதான் ஏற்கெனவே பேசி முடிச்சாச்சாமே!"

"யாரு சொன்னா அண்ணாச்சி?" மும்தாஜ் நிதானமாகத்தான் கேட்டாள்.

"கெசியா டீச்சர்தான் சொன்னாங்க."

அவள் திரும்பினாள். "ஏட்டி, நீயா?"

"நான் பொதுவாச் சொன்னேன்…" என்றேன். பொதுவா! கயிற்றைக் கத்தரிக்கும்போது பையன்களும் இப்படித்தான் சொல்வார்கள்: சும்மா கட்டுனேன் டீச்சர். ஒருத்தனையாவது நான் நம்பியிருக்கிறேனா?

மும்தாஜ் சண்டை போடவில்லை. "சாம்பலே இருக்கட்டும். அதுக்குத்தான் ஆளில்ல" என்று முதல் ஆளாகக் கையைத் தூக்கினாள். எல்லோரும் தூக்கினார்கள். நானும் தூக்கினேன். திரும்பி வரும்போது அவள் தனி ஆட்டோவில் போய்விட்டாள்.

19 ஜூன், வியாழன்

ஜெனோ வீட்டுக்கு வந்தான். "ஹால் சுவர்ல விட்ட இடத்தை அடைச்சாச்சு டீச்சர். உங்களுக்கு வருத்தம் இல்லையே?" என்றான்.

என்ன இடம்?

அவனுக்கு முகம் வெளிறிவிட்டது. "உங்களுக்குத் தெரியும்னு நினைச்சேன். ரெண்டு வீட்டுக்கும் நடுவுல மும்தாஜ் டீச்சர் ஒரு கதவு கேட்டாங்க. ஒருத்தர் விழுந்து கிடந்தா மத்தவங்க பூட்டின வாசல்ல நின்னு தட்டிக்கிட்டிருக்க வேண்டாம்னு. பால் காய்ச்சுற அன்னைக்குத்தான் உங்களுக்குக் காட்டணுமாம். அதுவரைக்கும் மூச்சு விடக் கூடாதுன்னாங்க."

"கண்ணாடியப் பத்தி உன்கிட்ட என்னல சொன்னா?"

"ஒரு வார்த்தைகூடப் பேசல டீச்சர்."

அடைக்கச் சொன்னது எப்போது என்று கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் என்றான்.

என்னைச் செருப்பால் அடித்தாலும் தகும். ஊர்ப் பிள்ளைகள் கையிலிருந்த கயிற்றை எல்லாம் வெட்டினேன். எனக்குள் கிடந்ததை எவளாவது வெட்டினாளா? அவளுக்கு அவள் நிறம், எனக்கு மட்டும் நிறமில்லை என்று எத்தனை வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன், கர்த்தாவே!

20 ஜூன்

நாலு தடவை போன் அடித்தேன். எடுக்கவில்லை.

10 நவம்பர், திங்கள்

குடிவந்து ஒரு வாரம் ஆகிறது. கட்டடம் முழுக்கச் சாம்பல் கண்ணாடி. இனி எவனும் ஒன்றும் சொல்ல முடியாது என்று அப்பாத்துரை அண்ணாச்சிக்கு ஏகப் பெருமை. மேற்கு வெயில் ஹாலில் பாதிவரை வருகிறது.

ஜூலையிலேயே மும்தாஜைத் தேடிப்போய் அழுது மன்னிப்புக் கேட்டுவிட்டேன். "அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்றாள். ஒன்றுமில்லை என்றால் கதவை வைத்துவிடலாமே? ஜெனோவிடம் கேட்டேன். சுவரை உடைக்க ஒரு நாள் போதும், அவங்க சரின்னு சொல்லணும் என்றான். அதைக் கேட்கத்தான் இன்று போனேன்.

முப்பது வருஷமாக அவள் வீட்டுக்குள் நேரே அடுப்படிக்குப் போய்ச் சட்டியைத் திறந்து பார்த்தவள் நான். இன்று மணியை அடித்துவிட்டு நின்றேன். கதவைத் திறந்தாள். சிரித்த முகம்தான். ஹாலில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, முந்தானையால் துடைத்து, "உக்காருங்க டீச்சர்" என்றாள். உட்கார்ந்தேன். எப்படித் தொடங்குவது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது அடுப்படியிலிருந்து குரல் வந்தது.

"டீக்குச் சீனி போடலாமா டீச்சர்?"