பனிமேல் மஞ்சள் கோலம்

14 ஜனவரி 2025, செவ்வாய். வயது எழுபத்தெட்டு, நான்கு மாதம்.

இன்று பொங்கியவள் என் மருமகள் ஜெனிற்றா. மன்னாரில் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவள்; பொங்குவது இதுவே முதல் தடவை. என் மூட்டுவலியைப் பார்த்துத் தானாகவே பொறுப்பேற்றாள். வெண்பனியில் மாக்கோலம் தெரியாதென்று மஞ்சள் தூளில் போட்டாள். கராஜ் வாசலில் வைத்த காஸ் அடுப்பைக் காற்று அணைத்தபோது, பனியை அள்ளி அதைச் சுற்றி மதில் கட்டினாள். இந்தக் குளிர் நாட்டுக்கு வந்து இத்தனை குளிர்காலம் கண்ட எனக்கு அந்த யோசனை ஒருமுறையும் வந்ததில்லை. பால் அழகாகப் பொங்கி வழிந்தது.

பக்கத்து வீட்டுப் புனிதம் வேலிக்கு அப்பால் நின்று கேட்டாள். "பால் எந்தப் பக்கம் வழிஞ்சது, பிள்ளை? கிழக்காலையோ?"

"எல்லாப் பக்கமும்தான் அன்ரி. இந்தக் குளிரில பால் பக்கம் பாக்குமே?"

நான் சிரித்துவிட்டேன். புனிதம் சிரிக்கவில்லை. "சேர்ச்சுக்குப் போற பிள்ளைக்கு உது எங்க விளங்கப்போகுது," என்றாள், என்னைப் பார்த்து. பெயரில் மட்டும்தான் புனிதம்.

ஜெனிற்றா பானையை உள்ளே கொண்டுவந்து வைத்தாள். "மாமி, வாற வருசம் நீங்களே பொங்குங்கோ. நான் பாத்திரம் கழுவித் தாறன்." குரலில் கோபம் இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அடுத்த வருடமும் இவள்தான் பொங்க வேண்டும். இவளைவிடத் திறமாக இந்த வீட்டில் எவரும் பொங்கியதில்லை, நான் உட்பட. நாளைக்கு இதை மட்டும் சொன்னால் வெறும் ஆறுதல் என்று நினைப்பாள். ஆகவே மகனுக்குக்கூடச் சொல்லாததையும் சேர்த்தே சொல்லப்போகிறேன். எனக்குப் பொங்கக் கற்றுத்தந்தவர் என் கணவர். திருமணத்துக்கு முன் என் பெயர் மேரி திரேசா.